இரட்டைத் திரை

1935 சனவரி 12: வண்டித் திரைக்குத் துணி, எட்டு முழம். ரூபாய் 1.60
1935 சனவரி 14: மாட்டுவண்டிக் கூலி, மாதத்துக்கு. ரூபாய் 4.50
1940 பெப்ரவரி 5: பரீட்சைக் கட்டணம். ரூபாய் 5.00

மூன்றும் காத்தான்குடிப் புடவை வியாபாரி மீராசாஹிப் தன் இளைய மகள் ஸகியாவின் படிப்புக்குக் கொடுத்தவை. மூத்தவள் சபூராவுக்கு அப்படி ஒரு செலவும் இல்லை. பன்னிரண்டு வயதில் பெரியபிள்ளையாகி வீட்டுக்குள் இருந்தவள். குர்ஆன் ஓதுவாள், அரபெழுத்தில் எழுதிய தமிழையும் வாசிப்பாள். தமிழெழுத்துத் தெரியாது.

தங்கைக்கு வண்டி வந்தபோது சபூராவுக்குப் பதினெட்டு, கலியாணமும் முடிந்து புருஷனோடு வாப்பாவின் வளவிலேயே இருந்தாள். வாவிப் பாலம் கடந்து புளியந்தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் அந்த வண்டிக்குத் திரை தைக்கும் வேலை அவள் கைக்கே வந்தது.

"எனக்கு மட்டும் ஏன் வாப்பா வண்டி இல்லாமப் போச்சு?"

"அப்ப பள்ளிவாசல் லெப்பை, பாதிரிமார்ட பள்ளிக்கூடம் ஹராம் எண்டவர். இப்ப அவர்ர பேத்தியே போறாள், புள்ள."

என்ன சமாதானம்! சபூரா தன் பழைய சேலையை உள்ளே கொடுத்துத் திரையை இரட்டையாகத் தைத்தாள். வாவியின் வெளிச்சம் துளியும் தங்கையின் கண்ணில் படக் கூடாது. ஐந்தாண்டுகள் ஸகியா அந்த இருட்டுக்குள் புழுங்கியபடி போய்வந்தாள்.

1940 மே 20 அன்று ஸகியாவின் பெயருக்கு நீள உறையில் ஒரு கடிதம் வந்தது. வாங்கியவள் சபூரா. அதைத் தன் தலையணைப் பஞ்சுக்குள் வைத்துத் தைத்துவிட்டாள். ஆனால் என்ன எழுதியிருக்கிறது? ஆண்களிடம் காட்டினால் வாப்பாவின் காதுக்கு எட்டும். பெண்களில் அதை வாசிக்கக்கூடியவள் அந்த வளவில் ஒருத்திதான்.

யூன் 5 அன்று தையலைப் பிரித்து அவளிடமே நீட்டினாள்.

"இதுல என்ன எழுதிக் கிடக்கு, புள்ள?"

"ஆசிரியர் கலாசாலைக்கு நேர்முகத்துக்கு வரட்டாம். மூணாந் திகதி." ஸகியா உறையில் ஒட்டியிருந்த பஞ்சைக் கிள்ளி எடுத்தாள். "முந்தாநாள் முடிஞ்சுது. இத தலைக்கு வெச்சா படுத்தீங்க, ராத்தா?"

"படுத்தன். ஒரு நாளும் நித்திரை வரல்ல."

ஸகியா வாப்பாவிடம் சொல்லவில்லை. ராத்தாவோடும் பேசவில்லை. மறுபடி பரீட்சை எழுதி 1941இல் கலாசாலைக்குப் போனாள். மாதாமாதம் வாப்பாவுக்குக் கடிதம் வந்தது. அவர் உரக்க வாசிப்பார். சபூரா அடுப்படியில் நின்று கேட்டு வயிறெரிவாள்.

கடைசிக் கடிதம் சபூராவின் பெயருக்கு வந்தது. உள்ளே அரபெழுத்துத் தமிழ். யாரையும் கேட்காமல் தானே வாசித்தாள்: "ராத்தா, புளியந்தீவில படிப்பிக்க வாறன். உங்கட மகள் றஸீனாவை என்னோட வண்டியில அனுப்புங்க. திரையை ஒற்றையாத் தைச்சு வைங்க."

ஏழு வயது மகள் மீதும் அவளுக்கு ஒரு கணம் எரிச்சல் மூண்டது. ஆனாலும் கத்தரிக்கோலை எடுத்து, திரைக்குள்ளிருந்த பழைய சேலையைப் பிரித்தாள். கடிதம் வந்தது 1943 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை.