இடுப்பில் கட்டிய பொன்னாடை

தோழிகள் இருவரையும் ஏற்றிக்கொள்ள இன்னும் இரண்டு தெருதான் பாக்கி. அதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் என் மகள் வேனின் பின்சீட்டிலிருந்து எட்டி, என் தோளைத் தட்டினாள். பதின்மூன்று வயது. தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும்.

"அப்பா, த்ரீ ரூல்ஸ். நோ ஸ்பீச். நோ ஜோக்ஸ். நோ டான்ஸிங். ஜஸ்ட் சிட்."

"நான் என்னம்மா பண்ணப் போறேன்? ஸ்பீக்கரை செட் பண்ணிட்டு ஒரு ஓரமா உக்காந்துடுவேன்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

"போன பொங்கலுக்கும் இதேதான் சொன்னீங்க," என்றாள் மனைவி, என்னிடம் அல்ல, ஜன்னல் கண்ணாடியிடம்.

போன பொங்கல் கதை இதுதான். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிஸ்கட்டவே ஊரில், எங்கள் தமிழ்ச் சங்க விழாவில் பொய்க்கால் குதிரை ஆட வேண்டியவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. துணைச் செயலாளர் என்ற முறையில் அட்டைக் குதிரைக்குள் நான் இறங்கினேன். நிற்க மரக்கால் கிடையாது, பழக்கம் கிடையாது, ஆர்வம் மட்டும் உண்டு. நான்காவது சுற்றில் குதிரையின் தலை கழன்று முதல் வரிசையில் ஒரு டாக்டரின் மடியில் போய் விழுந்தது. தலையில்லாக் குதிரையோடு மேலும் மூன்று சுற்று ஆடினேன். விழாவின் வீடியோ கேசட் தபாலில் வந்தது. மகள் அதை ஒருமுறை பார்த்தாள். மறுநாளிலிருந்து அந்த கேசட் வீட்டில் தென்படவில்லை.

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த வருஷம்தான் புதுப் பள்ளி. இந்த இரண்டு தோழிகளைப் பிடிக்க அவளுக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது. அதுவரை மதியச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறாள், அதையும் எங்களிடம் சொல்லவில்லை. அவர்கள் என்னைப் பார்க்கப் போவது இதுதான் முதல் தடவை.

பாலித் தீவிலிருந்து வந்திருந்த நடனக் குழுவை என் அலுவலக நண்பர் ஒருவர், இந்தோனேசியர், ஒரு பள்ளி அரங்கத்தில் ஆட வைக்க ஏற்பாடு செய்திருந்தார். அவர்களுடைய மைக் செட் காலை வாரிவிடவே, எங்கள் சங்கத்துடையதை இரவல் கேட்டார். சனிக்கிழமை மதியம். நானே தூக்கிக்கொண்டு போய், நானே ஒயர் இழுத்து, நானே "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்த்தேன். அதற்குக் கைமாறாக எங்களுக்கு முதல் வரிசையில் ஐந்து நாற்காலி. கையில் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தேன். அதில்தான் நன்றி நவிலலும், எங்கள் சங்கத்தின் பெயரும் இருந்தன. மற்ற பக்கங்களையும் படித்திருந்தால் இதை எழுதும் வேலை எனக்கு இருந்திருக்காது.

முதலில் வந்த பெண்கள் கிண்ணங்களில் பூ ஏந்தி, முழங்காலை மடித்து, கழுத்தை இப்படியும் அப்படியும் வெட்டி, கண்ணை ஓரத்துக்கு எறிந்து ஆடினார்கள். வெண்கலத் தகடு வாத்தியங்கள் மழை மாதிரி ஒலி பொழிந்தன. மகளின் தோழிகள், ஒருத்தி நெட்டை, இன்னொருத்தி பல்லுக்குக் கம்பி போட்டவள், வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். "நம்ம பரதநாட்டிய அரைமண்டிதாங்க இது," என்று மனைவி கிசுகிசுத்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள், நம்ப முடியாத மாதிரி.

கடைசி நிகழ்ச்சிக்கு மூங்கில் வாத்தியங்களைக் கொண்டு வந்து வைத்தார்கள். தலையில் பொன் பூக்களும் கையில் விசிறியுமாக ஒரு பெண் தனியே ஆடினாள். ஆடிக்கொண்டே மேடைப் படியில் இறங்கினாள். நேரே என் முன்னால் வந்து நின்று, விசிறியால் என் தோளைத் தொட்டு, பட்டுத் துணி ஒன்றை நீட்டினாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சங்கத்தில் ஏழு வருஷமாக, வருகிற பிரமுகர்களுக்கெல்லாம் பொன்னாடையை மடிப்புக் கலையாமல் தட்டில் வைத்து நீட்டுகிறவன் நான். ஒரே ஒருவர் கூட ஒரே ஒரு முறை கூட எனக்குப் போர்த்தியதில்லை. ஆகவே துணியைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மைக் செட்டுக்கு மரியாதை! எழுந்து நின்றேன். பாவம், பழக்கமில்லாத பெண், பொன்னாடையை என் இடுப்பில் கட்டினாள். நான் பெருந்தன்மையாக அதை மேலே இழுத்துத் தோளில் சரிசெய்துகொண்டேன். கைகூப்பினேன். கேமரா இருக்கும் என்று நினைத்த பக்கம் திரும்பி மூன்று விநாடி அசையாமல் நின்றேன்.

பிறகு, "மை டியர் ஃபிரெண்ட்ஸ், ஐ டோன்ட் டிசர்வ் திஸ் ஆனர்," என்று ஆரம்பித்தேன்.

முதல் விதி போயிற்று.

வாத்தியம் நிற்கவில்லை. அந்தப் பெண் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். துணியைத் தோளிலிருந்து எடுத்து மறுபடியும் இடுப்பில் கட்டினாள், இம்முறை முடிச்சை இறுக்கி. மேடையோரம் என் நண்பர் இரண்டு கைகளையும் அலை மாதிரி அசைத்துக் காட்டினார். அப்போதுதான் விளங்கியது. அவள் யாருக்கு அதைக் கட்டுகிறாளோ, அவன் அவளோடு ஆட வேண்டும். மறுத்தால் அவளுக்கு அவமானம். ஆடினால் என் மகளுக்கு.

பயம் வந்தால் என் வாய் என்னைக் கேட்காது. மனைவியைக் காட்டி, "ப்ளீஸ் ஆஸ்க் மை மேனேஜர்," என்றேன். அரங்கமே சிரித்தது. இரண்டாவதும் போயிற்று.

மகளைப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருந்தாள். விரலிடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மேடையேறினேன்.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆட்டம். குதிரை இல்லாமல் குதிரை ஆடினேன். கடிவாளத்தைப் பிடித்தேன், குளம்பைத் தட்டினேன். முதல் சுற்றில் பின்னால் மத்தளம் ஒரு பக்கம், என் கால் வேறொரு பக்கம். இரண்டாம் சுற்றில் மத்தளக்காரப் பெரியவர் குனிந்து என் பாதத்தைப் பார்த்தார். சிரித்தார். பிறகு நான் எங்கே காலை வைத்தாலும் அங்கே அவருடைய அடி காத்திருந்தது. மூங்கில்கள் அவர் பின்னால் ஓடி வந்தன. அந்தப் பெண் விசிறியால் என் குதிரையை மிரட்டினாள். அது பின்வாங்கியது, முன்னங்காலைத் தூக்கியது. அவள் கண்ணை எறிந்தாள், நானும் எறிந்தேன். போன தடவை மாதிரி எந்தத் தலையும் கழன்று விழவில்லை. என் தலை உட்பட.

இறங்கி வரும்போது முதல் வரிசையில் மகளின் நாற்காலி காலி. தோழிகளையும் காணோம்.

"எங்கே?" என்றேன் மனைவியிடம்.

"அதோ."

மூவரும் மேடை விளிம்புக்கருகே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நன்றாகத் தெரிய வேண்டும் என்று பாதியிலேயே முன்னால் போய்விட்டார்களாம். அடுத்து வேறொரு துணியைக் கட்டி ஒரு கல்லூரி மாணவரை இழுத்தார்கள், அதற்கடுத்து ஒரு தாத்தாவை. நான் வாயையும் கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் மகள் வந்தாள். "யூ ப்ராமிஸ்ட்," என்றாள்.

"சாரிம்மா."

அதற்குள் நடனப் பெண் என் இடுப்பிலேயே இருந்த துணியை வாங்கிக்கொள்ள வந்தாள். நான் ஆடியது எந்த நாட்டு ஆட்டம் என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள். அது தமிழர்களின் குதிரை நடனம், நிஜத்தில் மரக்காலில் நின்று ஆடுவார்கள், அட்டையில் குதிரை செய்து இடுப்பில் மாட்டிக்கொள்வார்கள் என்று ஆங்கிலத்தில் விவரமாகச் சொன்னாள். இவ்வளவும் இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் விழித்தேன். "மை டாட் டஸ் இட் எவ்ரி இயர்," என்று முடித்தாள். ஆடியது ஒரே தடவை. நான் திருத்தவில்லை.

வேனில் நெட்டைப் பெண், குதிரை உடையோடு பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

"வீ ஹாவ் எ டேப்," என்றாள் மகள்.

கேசட் அவள் அலமாரியில், குளிர்கால பூட்ஸுக்குள் இருந்தது. மூன்று பெண்களும் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். தலை கழன்ற இடத்தை ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் பார்த்தார்கள். கீழே சிரிப்பு வீட்டையே தூக்கியது. அதில் எது என் மகளுடையது என்று எனக்குத் தெரியும்; அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

சமையலறையில் நின்றிருந்த என் தோளில் மனைவி ஈரத் துண்டைப் போட்டாள்.

"இந்தாங்க, பொன்னாடை. பாத்திரத்தைத் துடைங்க."

கைகூப்பி வாங்கிக்கொண்டேன்.