நாலாவது புகார்

அந்தத் தையல் ஆலையில் மேனேஜர் உட்பட எல்லோருக்கும் அவள் அக்காதான். பதினோரு வருஷம் மெஷினில் குனிந்து கிடந்து, போன வருஷம்தான் சூப்பர்வைசராக நிமிர்ந்தவள். நாற்பது பேரைக் கட்டி மேய்ப்பதற்கு நானூறு காலர் தைத்துவிடலாம் என்று கணவரிடம் புலம்பாத நாளில்லை.

புலம்பலில் பாதி, பாக்கெட் தைக்கும் பெண்ணைப் பற்றியது. பட்டப்பெயர் கடுகு. பக்கத்தில் போனாலே வெடிப்பாள். மூன்றே மாதத்தில் அவள்மேல் அக்கா மூன்று புகார் எழுதியாயிற்று. நாலாவது போனால் வேலை போய்விடும். ஒற்றை ஆளாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள் என்பது அக்காவுக்கும் தெரியும். அதற்காகத் தினம் ஒரு சண்டையை யார் தாங்குவது?

அன்று காலை கடுகுக்கு அயர்ன்காரரோடு சண்டை. "சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க அக்கா," என்று சொல்லிவிட்டார் மேனேஜர்.

மதியம் கடுகு சாப்பிடப் போயிருந்தாள். கோணல் என்று திரும்பி வந்த அவளுடைய பாக்கெட்டுகள் ஒரு கூடை கிடந்தன. நாலைந்தையாவது சரிசெய்வோம் என்று அக்கா அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னால் தண்ணீர் டிரம். சாப்பிட்டு முடித்தவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீர் பிடிக்க வந்தார்கள். ஒருவர் நாற்காலியை இடித்தார். தையல் இழுத்துக்கொண்டு போனது. பிரித்துத் தைத்தாள். மறுபடி இடி. மூன்றாவது இடியில் அக்காவே கத்திவிட்டாள்.

"கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?"

கத்திய பிறகுதான் சுருக்கென்றது. கடுகு தினமும் கத்துகிற அதே வார்த்தை. டிரம்மை இங்கே கொண்டுவந்து வைத்தும் மூன்று மாதம்தான் ஆகிறது. அவள் கத்துகிறாள் என்பது ஆலைக்கே தெரியும். எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆள் பிடித்து டிரம்மை வாசல் பக்கம் தள்ளி வைத்துவிட்டு மறுபடி தைக்க உட்கார்ந்தாள். திரும்பி வந்த கடுகு, தன் இடத்தில் அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னைத் தூக்கியாச்சா அக்கா?"

"இல்லம்மா. இத்தனை இடி வாங்கியிருக்கியே, எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. ரெண்டு தடவை. உனக்கு யாரோடதான் ஒத்துப்போகும்னு கேட்டீங்க."

அக்கா எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.

சாயங்காலம் சொன்னபடி நாலாவது புகாரைக் கொடுத்தாள். மேனேஜர் படித்தார். முந்தைய மூன்றும் விசாரிக்காமல் எழுதியவை, தவறு சூப்பர்வைசர் மேல் என்றிருந்தது.

"இதை உங்க ஃபைல்லதானே அக்கா வைக்கணும்?"

"ரெண்டு காப்பி இருக்கு சார். ஒண்ணை என் ஃபைல்ல வைங்க. இன்னொண்ணை அவ ஃபைல்ல, அந்த மூணுக்கும் மேல வைங்க."