அரிசி டின்னுக்குப் பின்னால் பன்னிரண்டு சொற்கள்

கிரிப்டோ வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். போன் பழுதானால், கணக்கு தொடங்கும்போது தரப்பட்ட பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை வைத்துத்தான் காசை வேறு போனில் மீட்க முடியும். அவை அடுத்தவர் கையில் கிடைத்தால் எல்லாம் போச்சு. பேப்பர் தொலையும், போனில் படம் எடுத்தால் திருடுவார்கள் என்று யோசித்து, குவார்ட்டர்ஸ் சமையலறை அலமாரியின் உள்சுவரில் பென்சிலால் எழுதி, அரிசி டின்னை வைத்து மறைத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

சென்ற மாதம் போன் தண்ணீர் வாளியில் விழுந்து செத்தது. மந்தாரக்குப்பம் போய்ப் புதுப் போன் வாங்கித் திரும்பினால், வீடெல்லாம் சுண்ணாம்பு வாடை. குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள்.

"அலமாரிக்குள்ளயும் அடிச்சிட்டீங்களா?" என்று கத்தினேன்.

"இல்லீங்க. சார் நைட் ஷிப்ட் போல, கதவத் தொறந்துவுட்டுட்டுத் தூங்கிகினு இருக்காரு. அலமாரிய யாரும் காலி பண்ணல, வுட்டுட்டோம்" என்றார் பெயின்டர்.

டின்னை நகர்த்தினேன். பன்னிரண்டும் அப்படியே இருந்தன. காசும் புதுப் போனுக்கு வந்து சேர்ந்தது.

"நான் தூங்கினதாலதான் தப்பிச்சுது" என்று கணவர் இன்னமும் சொல்லிக்காட்டுகிறார்.

இப்போது அந்தச் சொற்களை எவர்சில்வர் தகட்டில் ஆணியால் நானே பொறித்து, பேங்க் லாக்கரில் வைத்துவிட்டேன். பாத்திரக் கடையில் பெயர் வெட்டுபவரிடம்கூடக் கொடுக்கவில்லை. சுவரில் இருந்ததையும் அழித்துவிட்டேன். அடுத்த முறை வெள்ளையடிக்க வரட்டும், அலமாரியை நானே காலி செய்து தருகிறேன்.

- ஸ்டெல்லா, நெய்வேலி