லைட்வெயிட்டில் யார் பெரியவன்

குத்துச்சண்டையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று கல்யாணமான புதிதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு வருஷம் ஞாயிறு தவறாமல் அதே பேச்சைக் கேட்டதில், லைட்வெயிட் என்றால் அறுபது கிலோ, அதற்கு மேல் நூறு கிராம் கூடினாலும் மேடையேற விடமாட்டார்கள் என்பது வரைக்கும் மண்டையில் ஏறிவிட்டது. கூடத்தில் என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் உட்கார்ந்துகொண்டு, உலகத்திலேயே பெரிய லைட்வெயிட் யார் என்று மல்லுக்கட்டுவார்கள். நான் சமையலறையில் இருப்பேன். அந்தப் பேச்சு முழுக்க என் வீட்டுக்காரரின் இடது கண்ணைப் பற்றியது என்று எனக்கு விளங்கியபோது கண் போயிருந்தது.

அவர் பட்டாளத்தில் சேர்ந்ததே குத்துச்சண்டையால்தான். அங்கே ஏழெட்டு வருஷம் லைட்வெயிட்டில் ஆடிவிட்டு, செம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகும் கையுறையை விடவில்லை. மாவட்டத்தில் எங்கே காட்சிப் போட்டி என்றாலும் முதலில் இவருக்குத்தான் ஆள் வரும். முப்பத்தெட்டு வயதிலும் எடை அறுபதைத் தாண்டாது. நான் அரைக் கிலோ கறியைக் குழம்பு வைத்தால் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு தட்டைத் தள்ளிவிடுவார். "ஒங்களுக்குச் சமைக்கிறதும் ஒண்ணு, சாமி படத்துக்குப் படைக்கிறதும் ஒண்ணு" என்பேன். ஆனால் உள்ளுக்குள் பெருமைதான். எங்கள் தெருவில் அந்த வயதில் தொப்பை இல்லாத ஆம்பளை அவர் ஒருத்தர்தான்.

என் கொழுந்தனார் அவரைவிட ஆறு வயது இளையவர். கறிக்கடை வைத்திருந்தார். வியாழக்கிழமை விடிந்தும் விடியாமல் அய்யலூர்ச் சந்தைக்குப் போய் ஆடு பிடித்து வருவார். அவரும் சின்ன வயதில் கையுறை மாட்டினவர்தான், ஆனால் மாவட்டப் போட்டியைத் தாண்டியதில்லை. மாதா கோயிலில் ஞாயிறு காலைப் பூசை முடிந்து, கடைக்கூட்டம் ஓய்ந்ததும், ஒரு பொட்டலம் ஈரலோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். "மதினி, மிளகு தூக்கலா" என்று பொட்டலத்தை என்னிடம் நீட்டிவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தால், ஆரம்பித்துவிடும்.

அவர்கள் பேசியது வெளிநாட்டு வீரர்கள் இரண்டு பேரைப் பற்றி. பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த இரண்டு வீடியோ கேசட்டில் அவர்களுடைய சண்டைகள் இருந்தன. நிஜப் பெயரை விட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் அவர்களுக்கு மீசைக்காரன், சிரிச்சமூஞ்சி என்றுதான் பேர். மீசைக்காரன் நாற்பது தாண்டியும் ஆடியவன். தோற்றான், எழுந்தான், மறுபடி தோற்றான், மறுபடி எழுந்தான். சிரிச்சமூஞ்சி முப்பது வயது வாக்கில், பட்டம் கையில் இருக்கும்போதே, போதும் என்று கும்பிடு போட்டுவிட்டு இறங்கியவன். அவன் முகத்தில் ஒரு தழும்பு கிடையாது. என் வீட்டுக்காரர் மீசைக்காரன் கட்சி. கொழுந்தனார் மற்றவன் கட்சி.

"விழுந்து எந்திரிக்கிறவன்தாண்டா ஆம்பள. ஜெயிச்சுக்கிட்டே இருந்துட்டு வீட்டுக்குப் போறதுல என்னலே இருக்கு?" என்பார் இவர்.

"எப்பப் போகணும்னு தெரிஞ்சிருக்குல்லண்ணே? அம்புட்டுப் பேர் கைதட்டும்போது எறங்குறது லேசா? அதுக்குத்தான் தைரியம் வேணும்."

"பயந்துட்டான்லே அவன்."

"பயப்படலண்ணே. பாத்துட்டான். அடுத்த அடி எங்கருந்து வருதுன்னு முன்ன மாதிரித் தெரியலங்கறதப் பாத்துட்டான்."

இதைக் கொழுந்தனார் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் இவர் டேப்பைப் பின்னால் ஓட்டி மீசைக்காரன் எழுந்திருக்கிற இடத்தைப் போடுவார். நான் உள்ளேயிருந்து, "ரெண்டு பேருக்கும் வேற வேலவெட்டியே இல்லையா, சோறு ஆறுது" என்று கத்துவேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

அந்த நாட்களில் இவர் தேத்தண்ணியை டம்ளருக்கு வெளியே ஊற்றுவார். நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொள்வார். இடது பக்கமிருந்து நான் நீட்டுகிற எதையும் இரண்டாம் முறை சொன்னால்தான் வாங்குவார். கவனமில்லாத மனுஷன் என்று வைதேன். ஒருநாள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார். கேட்டதற்கு, செம்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், தூசி என்றார். கடைக்குப் போய்ச் சொட்டுமருந்து வாங்கிவந்து நானே விட்டேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன், மடச்சி.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனும் தம்பியும் மொட்டைமாடியில் கையுறை மாட்டிப் பழகுவார்கள். ஒருநாள் துணி எடுக்க மேலே போனேன். கொழுந்தனார் இடது கையால் மட்டுமே குத்திக்கொண்டிருந்தார். வலது கையை நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்தார். இவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. கீழே இறங்கும்போது, "என்ன தம்பி, கை வலியா?" என்று கேட்டேன். "ஆமா மதினி, கறி வெட்டுற கை" என்றார். தைலம் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வருஷம் பங்குத்திருவிழாவுக்கு ஒரு காட்சிப் போட்டி வைத்தார்கள். வெளி மாவட்டத்துப் பையன் ஒருவன், இருபத்திரண்டு வயது, வருகிறான் என்றார்கள். எதிரில் ஆட இவரைக் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தார். வெகுநாளைக்குப் பிறகு அவர் வாயில் பாட்டு வந்தது.

அடுத்த ஞாயிறு கொழுந்தனார் வந்தார். கையில் ஈரல் இல்லை. உட்காரக்கூட இல்லை. டேப் ஓடவில்லை, பேச்சு மட்டும் நேரே அதற்குப் போனது. வழக்கமான பேச்சாக இல்லை அது, குரல் உயர்ந்துவிட்டது.

"நிறுத்தத் தெரியாதவன் பெரியவனே இல்லண்ணே. அந்த மீசக்காரனுக்குப் புத்தி கிடையாது. பொண்டாட்டி புள்ளய நெனச்சானா அவன்? பெரிய லைட்வெயிட்டாம், மண்ணாங்கட்டி."

இவர் தட்டில் இட்லி அப்படியே இருந்தது. அவருடைய முகத்தைச் சமையலறை வாசலிலிருந்து பார்த்தேன். அப்படித் தொங்கிப்போன முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம். அடுப்பை அணைக்காமல் வெளியே வந்தேன். இவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

நான் தம்பியைப் பார்த்துப் பேசினேன். "என்ன தம்பி, வாரா வாரம் வந்து என் புருஷன மட்டம் தட்டணுமா? மாவட்டத்தத் தாண்டாத ஆளு, பட்டாளத்துல ஆடுனவருக்குப் புத்தி சொல்ல வந்துட்டீங்க. வயித்தெரிச்சல்னா அத வீட்டோட வச்சுக்கங்க. இனிமே ஞாயித்துக்கெழம இந்தப் பக்கம் வராதீங்க."

கொழுந்தனார் என்னைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். "வாரேன் மதினி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் இவர் பக்கம் திரும்பி, "சாப்பிடுங்க" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்காகப் பொண்டாட்டி பேசினாள் என்று மனசு நெகிழ்ந்து பார்க்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அன்று முழுக்க எனக்குக் கொஞ்சம் மிதப்பாகவே இருந்தது.

போட்டியன்று நான் பெண்கள் வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பையன் மரியாதையாகத்தான் ஆடினான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டாவது சுற்றில் அவன் வலது கை ஒரு தடவை வந்தது. வேகமாகக்கூட வரவில்லை, எனக்கே தெரிந்தது. இவர் அசையாமல் நின்று அதை வாங்கினார். விழவில்லை. மூன்று சுற்றும் முடித்தார், இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, "ஏ புள்ள, இடது பக்கம் திரை விழுந்த மாதிரி இருக்கு" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "இன்னிக்கித்தான் முழுசா" என்றார்.

மதுரைக்குக் கூட்டிப்போனோம். விழித்திரை கிழிந்து ரொம்ப நாளாயிற்று, மேலே மேலே அடி வாங்கியிருக்கிறார் என்றார் டாக்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். இரண்டு முறை அறுவை செய்தார்கள். ஒட்டவில்லை.

இரண்டாவது அறுவையன்று கொழுந்தனார் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்றார். நான் வரச்சொல்லவில்லை, அவராக வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு அந்த மாடியும் மடங்கியிருந்த வலது கையும் ஞாபகம் வந்துவிட்டது. "தம்பி, ஒங்களுக்கு முன்னமே தெரியும்ல?" என்றேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவரு இடது பக்கமா என் வலது கை வாரது அண்ணனுக்குத் தெரியல மதினி. ரெண்டு மூணு தடவ சும்மா தொட்டுப் பாத்தேன். கண்ணே சிமிட்டல. அதோட அந்தக் கைய அவரு மேல விடுறதில்ல, குத்துனா இடது கையாலதான்."

"வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"அண்ணன்கிட்ட எப்படி மதினி? ஒங்களுக்கு வயசாயிருச்சு, கண்ணு போச்சு, நிறுத்துங்கன்னு தம்பிக்காரன் சொல்ல முடியுமா? கையுறை மாட்டி விட்டதே அவருதான. அதான் அந்தச் சிரிச்சமூஞ்சியப் பிடிச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்திச் சொன்னேன்."

அன்று நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். எத்தனையோ பேர் நடந்துபோன அந்த வராந்தாவில் கையெடுத்துக் கும்பிட்டேன். "விடுங்க மதினி, நீங்க என்ன தெரிஞ்சா பேசுனீங்க" என்று அவரும் அழுதுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஈரல் மறுபடி வரத் தொடங்கியது. அண்ணனும் தம்பியும் டிவியில் கிரிக்கெட் பார்த்தார்கள். கேபிளில் குத்துச்சண்டை வந்தால் யார் கையில் ரிமோட் இருக்கிறதோ அவர் மாற்றிவிடுவார். இவர் ஒற்றைக் கண்ணோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தார். எடை எழுபதைத் தாண்டியது. நானே கூடுதலாகப் பரிமாறினேன்.

நான்கைந்து வருஷம் கழித்து ஒரு மத்தியானம். இருவரும் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். என்ன தோன்றியதோ, வராந்தாவில் தம்பி சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டேன். இத்தனை நாள் அடக்கி வைத்ததே பெரிது. வலது கையை விடாததையும், சுற்றிச் சுற்றிப் பேசியதையும், எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்" என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"அவன் வலது கைய விடலங்கறது எனக்குத் தெரியாதா? அந்தக் கைக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான. யாரப் பத்திப் பேசுறான்னும் தெரியும். வாரா வாரம் அவன் சொல்லச் சொல்ல, இன்னிக்கி நேரா சொல்லிருவான், இன்னிக்கி சொல்லிருவான்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

எனக்குக் கை நின்றுவிட்டது. "அப்ப நீங்களா நிறுத்தியிருக்கலாமே" என்றேன்.

"மனசு வரலயே. நிறுத்திட்டா அப்புறம் நான் யாரு? செம்பட்டியில பீப்பீன்னு விசில் ஊதுற வாத்தியாரு. யாராச்சும் என் மூஞ்சியப் பாத்துப் போதும்னு ஒரு வார்த்த சொன்னா, அதச் சாக்கா வச்சு நிறுத்திரலாம்னு இருந்தேன்." அவர் உரித்த மொச்சையைக் கிண்ணத்தில் போட்டார். ஒன்று வெளியே விழுந்தது. தேடி எடுத்துப் போட்டார்.

பிறகு, குரலில் கோபமே இல்லாமல் சொன்னார்: "அன்னிக்கி நீ அடுப்பக்கூட அணைக்காம வெளிய வந்தேல்ல? நீதான் சொல்லப்போறேன்னு நெனச்சேன்."