வைக்கோல் மெசினின் மூன்றாம் படி

முப்லிஹா என்ன வேலை செய்கிறாள் என்று காத்தான்குடியில் அவளுடைய உம்மாவிடம் கேட்டால், "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். கணவன் நௌஷாட் விளக்கம் சொல்லப் போய் அதைக் கேலியாக்கிவிடுவான்.

"இங்கிலீச இங்கிலீசாக்குறா. அதுக்கும் வெளிநாட்டான் சம்பளம் குடுக்கான் பாருங்க."

கேலியானாலும் சங்கதி அதுதான். எங்கோ ஒரு நாட்டில் செய்யும் விவசாய மெசின்களை இலங்கையிலும் கென்யாவிலும் பங்களாதேஷிலும் விற்கிறார்கள். கூடவே ஆங்கிலத்தில் ஒரு பாவனைக் கைநூல் வரும். வாங்குகிறவர்களுக்கோ ஆங்கிலம் தாய்மொழி இல்லை. எழுதுகிறவர்கள் ஒரு நட்டை இறுக்கச் சொல்வதற்குள் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவார்கள். முப்லிஹா அதை உடைத்து இலேசான ஆங்கிலத்தில் எழுதுவாள். ஒரு வசனத்தில் ஒரு வேலை. ஒரு பொருளுக்குக் கடைசிவரை ஒரே பெயர். முதல் பக்கத்தில் மூடியாக இருந்தது நாலாம் பக்கத்தில் தகடாக மாறியிருந்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலையில் அவளுக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கவும் தெரியாது. வைக்கோல் வெட்டும் மெசினுக்கான கைநூலை முடித்த அன்று, இதைவிட இலேசாக ஒருவராலும் எழுத ஏலாது என்று நௌஷாட்டிடம் சொன்னாள்.

"அப்ப வாசிக்கிற ஆக்கள்ட்ட குடுத்துப் பாரன்" என்றான் அவன். அவளுக்கு ரோசம் வந்துவிட்டது.

நௌஷாட் வேலை செய்யும் விவசாய மெசின் கடையில் அந்த மெசினை வாங்கியவர்களில் ஒருவர் உன்னிச்சையில் மாடு வளர்க்கும் சாமித்தம்பி. அவருடைய மனைவி பிரஷாந்தி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஆங்கிலம் பழகி வந்தவள். அவளை வாசிக்க வைத்து, விளங்காத இடத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் முப்லிஹா தாள்களோடு போனாள்.

அங்கே ஈர வைக்கோல் சிக்கி மெசின் உறுமிக்கொண்டிருந்தது. பிரஷாந்தி தாளைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாகத் தமிழில் சத்தமாகச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்லச் சாமித்தம்பி செய்தார். அந்த வீட்டில் மெசின் வேலை எப்போதும் அப்படித்தான்: வாசிக்கிறது ஒருத்தர், கைவைக்கிறது மற்றவர். பக்கம் முழுவதையும் வாசித்து முடிக்கட்டும் என்று கையில் கிறீஸோடு எவர்தான் காத்திருப்பார்?

"மூணாவது, வாய்க்குள்ள சிக்கின வைக்கல இழுத்து எடுங்க."

அவர் கை உள்ளே போனது.

"எடுங்க கைய!" என்று முப்லிஹா கத்தினாள். வெளி ஆம்பிளைக்கு முன்னால் அவள் அப்படிச் சத்தம் போட்டதே இல்லை. சாமித்தம்பி திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிரஷாந்தி தாளின் அடியில் இருந்த சிவப்புப் பெட்டியை அப்போதுதான் பார்த்தாள். "எச்சரிக்கை. வைக்கல இழுக்கிறதுக்கு முதல் இஞ்சினை நிப்பாட்டுங்க. வெட்டுற தகடு நிக்குமட்டும் பொறுங்க" என்று வாசித்தாள். அதுவும் நல்ல இலேசான வசனம்தான்.

"இத முதல்ல சொன்னா என்ன தங்கச்சி? கொம்பனிக்காரன் தெரியாமலா எழுதியிருப்பான் எண்டு நம்பித்தான் கைய வெச்சன்" என்றார் சாமித்தம்பி. அவர் கோபமில்லாமல் கேட்டதுதான் முப்லிஹாவுக்குத் தாங்க முடியவில்லை. பிரஷாந்தி கொடுத்த தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

அன்று பின்னேரமே, எச்சரிக்கை படிக்கு மேலே வரவேண்டும் என்று கொம்பனிக்கு எழுதினாள். அங்கிருந்த பொறுப்பாளர் மரியாதையாக மறுத்தார். எல்லாக் கைநூலுக்கும் ஒரே அமைப்பு. பெட்டி கீழேதான் வரும். பாவனையாளர் முழுப் பக்கத்தையும் வாசித்த பிறகே வேலையைத் தொடங்குவார் என்றார். அவரைக் கூட்டிவந்து அந்த மெசினுக்குப் பக்கத்தில் ஒருக்கா நிறுத்த வேண்டும் என்று முப்லிஹாவுக்கு ஆத்திரம் வந்தது.

பெட்டியை அவள் தொடவில்லை. அது கீழேயே கிடக்கட்டும் என்று விட்டு, இஞ்சினை நிறுத்துவதையே மூன்றாம் படியாக்கினாள். தகடு நிற்கும்வரை பொறுப்பது நாலாம் படி. வைக்கோலுக்கு அதன் பிறகுதான் முறை. பக்கத்தைக் கூட்ட அனுமதியில்லாததால், மெசினை வாங்கியவரை வாழ்த்தி முதலில் எழுதியிருந்த வரிகளை வெட்டியெறிந்து இடம்பிடித்தாள்.

வாழ்த்து எங்கே, ஒரே விஷயம் இரண்டு இடத்தில் எதற்கு என்று பொறுப்பாளர் கேட்டார். இப்படியே போவதென்றால் போகட்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று எழுதி அனுப்பினாள். வீட்டில் ஒழுங்காக வருவது அவளுடைய சம்பளம் மட்டுந்தான். இந்த ஒரு கைநூலுக்கு மட்டும் சரி என்று கடைசியில் பதில் வந்தது.

அப்போதும் அவளுக்கு மனம் ஆறவில்லை. புதிய தாளைச் சாமித்தம்பியிடம் கொடுத்துப் பார்த்துப் பயனில்லை. அவர் ஒருமுறை பயந்துவிட்டவர், தாள் சொல்லாவிட்டாலும் இஞ்சினை நிறுத்திவிடுவார். அதனால் தாளைப் பிரஷாந்தியிடம் கொடுத்துவைத்தாள்; அவர்களுடைய பக்கத்து வளவு அருமைநாயகத்திடமும் அதே மெசின் இருந்தது. அது சிக்கிய ஒரு காலையில் பிரஷாந்தி தொலைபேசியில் அழைத்தாள்.

"தங்கச்சி, வாசிக்கப் போறன். போன வைக்காமக் கேட்டுக்கொண்டிருங்க."

இஞ்சின் இரைச்சலுக்கு மேலால் பிரஷாந்தியின் குரல் கேட்டது. முதலாவது, இரண்டாவது. முப்லிஹா தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மூணாவது, இஞ்சினை நிப்பாட்டுங்க."

இரைச்சல் நின்றது.

"நாலாவது, தகடு நிக்குமட்டும் பொறுங்க."

"இன்னும் எவ்வளவு நேரம் பொறுக்கிற?" என்று அருமைநாயகம் எரிந்து விழுவது கேட்டது. முப்லிஹாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பொறுங்க அண்ணன்" என்றாள், அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும்.