மிலிட்சாவின் எட்டு எலிகள்

பெல்கிரேடு ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக எலிகளுக்கு ஊசி போடும் மிலிட்சாவுக்கு, போன மாதம்தான் வேலைக்கு வந்த யாஸ்னாவைக் கண்டாலே வயிறு எரிந்தது. வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைக்க ஊசியில் ஏற்றும் எண்டார்ஃபின் மருந்து இருவருக்கும் ஒரே புட்டிதான். ஆனால் யாஸ்னாவின் எலிகளுக்கு மட்டும் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அந்த ஹார்மோனைக் கொட்டியது. ஆய்வை நடத்தும் பேராசிரியர் பாராட்டித் தன் பிளம் பிராந்தியை அவளுக்குத்தான் ஊற்றினார்.

என்ன கள்ளத்தனம் செய்கிறாள் என்று பார்க்க மிலிட்சா கதவருகே போய் நின்றாள். யாஸ்னா ஓர் எலியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, எலிக்குத் தாலாட்டா?”

“ஊசிக்கு முன்னாடி பத்து நாள் கையில எடுத்துப் பழக்கணும்க்கா. பயந்த எலிக்கு அந்த ஹார்மோன் படுத்துடும்.”

“என் எலிங்களுக்கு என்னடி பயம்?” என்று மிலிட்சா உள்ளே வந்து தன் எலிக்கூண்டை வெடுக்கென்று திறந்தாள்.

எட்டு எலிகளும் மூலைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒண்டிக்கொண்டன.