துக்கமணியை அவர் முடிக்கும் விதம்

எங்கள் சபையின் உபதேசியார் ஞானாபரணம் காலமான செய்தியை யாரும் வந்து எனக்குச் சொல்லவில்லை. மணிதான் சொன்னது. செவ்வாய்க்கிழமை, மூன்றாம் வகுப்புக்குப் பலகையில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். குன்னத்துகால் பக்கத்து மேட்டில் இருக்கும் எங்கள் மிஷன் ஆலயத்திலிருந்து துக்கமணி கேட்டது. யாரோ போய்விட்டார்கள் என்று சாக்பீஸைக் கீழே வைத்தேன். பிறகுதான் உறைத்தது, அடி சரியில்லை. உபதேசியார் அடித்தால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நிதானமாக ஒரு மூச்சு இழுத்து விடலாம். இது தாறுமாறாக விழுந்தது. இருபது வருஷமாக அந்தக் கயிற்றை வேறு யாரும் தொட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து அடித்த மனுஷர். அப்படியென்றால் இன்றைக்கு மணி யாருக்கு? விளங்கிவிட்டது. மணி நின்றது. நான் காத்திருந்தேன். முடிவில் வரவேண்டியது வரவில்லை.

அது என்னவென்று அவரை அறிந்த சபையார் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். துக்கமணியை எங்கும் மெதுவாக அடித்து அப்படியே நிறுத்திவிடுவார்கள். இவர் நிறுத்தமாட்டார். கொஞ்சம் இடைவெளி விட்டு, ஈஸ்டர் விடியற்காலையில் அடிப்பதுபோல மூன்று தடவை வேகமாக, கணீரென்று அடிப்பார். பச்சைக் குழந்தை செத்தாலும் அதேதான். போதகர்கள் இரண்டு பேர் கண்டித்துப் பார்த்தார்கள். "சரி ஐயா" என்று தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அடுத்த சாவுக்கு மறுபடியும் அடிப்பார்.

அந்த மூன்று அடிக்காக அவரை ஆலயத்திலேயே வைத்துத் திட்டியவள் நான்.

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்று கொடி பிடித்துப் போனவர்களில் என் கணவரும் ஒருவர். போலீஸ் தேடியது. ஒற்றசேகரமங்கலத்துக்குக் கிழக்கே மலையோரத்தில் நாலைந்து பேரோடு ஒளிந்திருந்தார். அங்கே காய்ச்சல் கண்டது. வைத்தியரைக் கூப்பிட வழியில்லை. கூட இருந்தவர்கள் அவசரமாகப் புதைத்துவிட்டுக் கலைந்து ஓடினார்கள். பெருமழை பெய்து ஓய்ந்தபின் இடத்தை அவர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களில் ஒருவர் உதியன்குளங்கரை சந்திப்பில் என்னைத் தடுத்து நிறுத்தி, இதை நாலு வார்த்தையில் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

மணி அடிக்கச் சபைக் கமிட்டிக்குப் பயம். சவமில்லாமல் எதற்கு மணி, போலீஸ் வந்து கேட்டால் யார் பதில் சொல்வது என்றார்கள். உபதேசியார் நேரே போய் அடித்தார். வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மட்டுக்கும் என் மனம் அவரை வாழ்த்தியது. பிறகு அந்த மூன்று அடி விழுந்தது. எனக்குத் தலைக்கேறியது. எழுந்து ஆலயத்துக்கு ஓடினேன்.

"எனக்க மாப்பிள்ளை செத்ததுக்கு ஈஸ்டர் மணியா அடிக்கீரு? உமக்கு மனசுன்னு ஒண்ணு உண்டுமா?" என்று கத்தினேன்.

அவர் கயிற்றை விடவில்லை. "டீச்சரே, துக்கத்தோட நிறுத்துறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. அந்தக் கடைசி மூணு அடிக்காகத்தான் இந்தக் கோயிலே நிக்குது. கர்த்தர் எழும்பல்லேங்கி பின்ன நமக்கு என்ன உண்டு? ஞாயித்துக்கிழமை கூடியிருந்து பாடிட்டுப் போற ஒரு கூட்டமாக்கும் நாம."

"அவரு எழும்பினாரு, கல்லறை காலியா இருந்துது. எனக்க ஆளுக்குக் கல்லறையே இல்ல. எங்க இருந்து எழும்புவாரு? சொல்லும்!"

அவர் கயிற்றைச் சுருட்டிக் கட்டினார். ஒரு வசனமாவது எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. அன்றோடு நான் ஆலயத்துக்குப் போவதை நிறுத்தினேன்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கும் போகிறதாக இல்லை. ஆனால் வீட்டில் தனியாக இருக்கவும் முடியவில்லை. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். விடியுமுன் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அவரவர் சொந்தக்காரரின் கல்லறையருகே மெழுகுவர்த்தி ஏற்றி நிற்போம். உபதேசியார் "கர்த்தர் உயிர்த்தெழுந்தார்" என்று கூப்பிடுவார். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று சபை பதில் சொல்லும். எனக்கு நிற்க இடம் ஏது? தோட்டத்து வாசலருகே வெறுங்கையோடு நின்றேன்.

அன்றைக்கு அவர் ஒரு பிழை செய்தார். பாறசாலைப் பக்கத்தில் மலையாளச் சபை ஒன்றுக்கு முதல் ஆராதனையை இரவிலேயே நடத்திவிட்டு நேரே நடந்து வந்திருந்தார். வாயில் அதே சூடு. "கர்த்தாவு உயிர்த்தெழுந்நேற்று!" என்று மலையாளத்திலேயே கூப்பிட்டுவிட்டார். அது சாதாரண வருஷமா? பாதிப்பேர் பழக்கத்தில் மலையாளத்திலேயே பதில் சொன்னார்கள். மீதிப்பேர் வாயை மூடிக்கொண்டார்கள். "ஓய் உபதேசியாரே, உம்ம நாக்கு எந்தக் கட்சியில சேந்துது?" என்று ஒரு குரல் எழுந்தது.

அவர் கூசிப்போனது எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது. "தெற்றிப் போச்சு மக்கா, பொறுத்துக்கிடுங்க. ஆனா எழும்பினவரு எந்தத் தாலுகாவுல எழும்பினாருன்னு எனக்குத் தெரியாது. எழும்பினாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார். மறுபடியும் தமிழில் கூப்பிட்டார், சபை சேர்ந்து பதில் சொன்னது.

பிறகு அவர் செய்ததைத்தான் நான் எழுத வந்தேன். அவருடைய மனைவியும் பிறந்து மூன்று நாளில் போன குழந்தையும் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் போகாமல் வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். கையில் ஒரு மெழுகுவர்த்தி. "கர்த்தர் உயிர்த்தெழுந்தார், டீச்சரே" என்றார். என் பதிலுக்காகக் கொஞ்சநேரம் காத்திருந்தார். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று அவரே சொன்னார். "உங்களுக்க பங்கையும் நான் சொல்லிட்டேன். உங்களுக்கு எப்பம் முடியுமோ அப்பம் சொன்னா போதும்."

"உம்ம வீட்டுக்காரி அங்க காத்துக் கிடக்காளே" என்றேன்.

"அவளுக்கு இடம் உண்டு. பின்ன போவேன்."

ஆறு ஈஸ்டர் அப்படி நின்றார். இதற்கிடையில் எல்லையைப் பிரித்தார்கள். விளவங்கோடு தமிழகத்துக்குப் போயிற்று, எங்கள் நெய்யாற்றின்கரை மலையாளப் பக்கமே நின்றது. என் கணவர் எதற்காகப் போனாரோ அதுவும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் எரிச்சலில் கேட்டேன்: "உபதேசியாரே, உண்மையச் சொல்லும். உமக்கு இதில நம்பிக்கை உண்டுமா?"

அவர் கோபப்படவில்லை. "சில நாள் உண்டு டீச்சரே. சில நாள் தேடினாலும் கிட்டாது. பிள்ளையப் புதைச்ச அன்னைக்குக் கிட்டல்ல. அன்னைக்கு எனக்க பங்கை வேற யாரோ சொன்னாவ. அதுக்குத்தானே சபைன்னு ஒண்ணு வச்சிருக்கு."

அந்த ஆறு வருஷமும் என் பங்கை நான் சொல்லவேயில்லை. என் பிடிவாதம் ஊரறிந்தது. அடுத்த வருஷம் சொல்லலாம், அவர் எங்கே போகப்போகிறார் என்றுதான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஆலயத்துக்குப் போனேன். கமிட்டி அன்றைக்கே அவசரமாக நியமித்த ஆள் கயிற்றைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மணி முடியல்ல" என்றேன்.

"முடிஞ்சாச்சு டீச்சரே. நீங்க சொல்லுறது ஈஸ்டருக்கு உள்ளதாக்கும்."

"கயிற்றை விடும்."

விட்டார். மூன்று தடவை இழுத்தேன். எனக்குப் பழக்கமில்லை, இரண்டாவது அடி சரியாக விழவில்லை. அவர் தங்கியிருந்த பக்கத்து அறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். உள்ளே போய் அவர் கட்டிலருகே நின்று, "கர்த்தர் உயிர்த்தெழுந்தார், உபதேசியாரே" என்றேன். அவர் எனக்காகக் காத்திருந்த அளவு நானும் காத்திருந்தேன். பிறகு "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்றேன். என் பங்கு அன்றைக்குத்தான் என் வாயிலிருந்து வந்தது. கேட்க அவர் இல்லை. வீட்டுக்கு வந்து அதற்காகத்தான் அழுதேன்.

அவருடைய வேதப்புத்தகத்தையும் குடையையும் தம்பி மகன் எடுத்துப்போனான். எனக்கு மிஞ்சியது அந்தத் தோட்டத்து வாசல். வருகிற ஈஸ்டருக்கு நான் அங்கே மெழுகுவர்த்தியோடு நிற்பேன். கல்லறை இல்லாத சாவு உங்கள் வீட்டில் யாருக்காவது உண்டென்றால் என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். ஒன்றும் சொல்லவேண்டாம். உங்கள் பங்கையும் நான் சொல்லிவிடுகிறேன்.